பழைய பேப்பரோடு போன நூலகப் புத்தகம்

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சேர்ந்திருந்த பழைய பேப்பரை எடைக்குப் போட்டேன். பதினொரு கிலோ. கையில் நூற்றைம்பது ரூபாய் சொச்சம் வந்தது. அந்தக் கட்டோடு நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு புத்தகமும் போய்விட்டது என்பது ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வாரம் அலைந்தேன், ஏறக்குறைய 1,800 ரூபாய் செலவானது. யாராவது இரண்டு மூன்று விஷயங்களை முன்பே சொல்லியிருந்தால் அதில் பாதிப் பணமும் நிறைய தூக்கமும் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஜூனில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். முப்பது வருடமாகத் தள்ளிப்போட்ட ஆசை ஒன்று இருந்தது: ஒரு நாள் முழுக்க நூலகத்தில் அவசரமில்லாமல் உட்கார வேண்டும். குரோம்பேட்டையில் இருக்கிறோம். நடந்து போகும் தூரத்தில் ஒரு கிளை நூலகம். முதல் நாள் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை, புதிதாகப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் போய் காப்புத்தொகையும் சந்தாவும் கட்டி மூன்று புத்தகம் எடுக்கும் உறுப்பினர் ஆனேன். இரண்டும் சேர்த்தே ஒரு சினிமா டிக்கெட் விலை வரவில்லை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அன்று முதல் நாம் எல்லோரும் இதற்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் கட்டடத்துக்குள் நுழையக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராகக்கூட இருக்கத் தேவையில்லை.

முதல் இரண்டு மாதம் புத்தகம் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் திண்டாடினேன். காலையில் போனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு நாற்காலி விடாமல் உட்கார்ந்திருப்பார்கள். நின்றபடியே பெயர் கேள்விப்பட்ட மூன்று தடிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். பதினைந்து நாளில் ஒன்றுகூட முடியாது. படிக்காமலே திருப்பிக் கொடுக்கும்போது மனசுக்கு என்னவோ போல இருக்கும். அப்புறம் மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணிக்கு மேல் போக ஆரம்பித்தேன். அதிலிருந்துதான் எல்லாம் மாறியது. அந்த நேரத்தில் அலமாரிகளுக்கு நடுவே ஆளே இருக்காது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். கீழ்த்தட்டில் இருப்பதைக்கூடத் தரையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

தேர்ந்தெடுக்க நான் கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன். நேராக அலமாரிக்குப் போக மாட்டேன். திரும்பி வந்த புத்தகங்களை முன்னால் ஒரு மேசையில் அடுக்கி வைத்திருப்பார்கள், முதலில் அதைப் பார்ப்பேன். நம் பகுதியில் உள்ளவர்கள் இப்போது எதை வாசிக்கிறார்கள் என்பது அந்த மேசையில் தெரிந்துவிடும். அப்புறம் முதுகில் ஒட்டியிருக்கும் எண். 894.811 என்றிருந்தால் தமிழ் இலக்கியம். என்னைப் போன்றவர்கள் அந்த வரிசையை விட்டு நகரவே மாட்டோம். ஒரு நாள் வேண்டுமென்றே தள்ளிப் போய் 641.5-இல் சமையல், 915.4-இல் இந்தியப் பயணங்கள், 920-இல் வாழ்க்கை வரலாறுகள் என்று பார்த்தபோது, இத்தனை நாள் ஒரே தெருவில் நடந்துகொண்டிருந்தோம் என்று தோன்றியது. கையில் எடுத்த புத்தகத்தின் பின்னட்டையை நம்ப மாட்டேன். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு பக்கம் வாசிப்பேன். முதல் பக்கத்தை எல்லோரும் கவனமாக எழுதிவிடுவார்கள், நூற்றிருபதாம் பக்கத்தில்தான் எழுத்தாளர் நம்மோடு இயல்பாகப் பேசுகிறாரா என்று தெரியும். மூன்றில் ஒன்று நிச்சயம் பிடிக்கும் என்று தெரிந்தது, ஒன்று யாரென்றே தெரியாதவர் எழுதியது, ஒன்று நூறு பக்கத்துக்குள் முடிவது. இந்தக் கலவையில் எடுக்க ஆரம்பித்த பிறகு படிக்காமல் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

அப்படித்தான் ஜனவரி தொடக்கத்தில் 915.4 அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தப் புத்தகம் கிடைத்தது. யாரோ ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காசிக்குப் போய் வந்ததை எழுதியது. காக்கி நிறத்தில் நூலக பைண்டிங். பக்கங்கள் டீத்தூள் நிறத்துக்கு வந்திருந்தன. விலை நாலரை ரூபாய். கடைசியில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1998. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் யாருமே எடுக்கவில்லை. நூலகச் சுவரில் சீர்காழியில் பிறந்த நூலகத்துறை முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் படம் இருக்கிறது. அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. இந்தப் புத்தகத்துக்கு உரியவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக முத்திரை போட்டு வாங்கி வந்தேன்.

நிஜமாகவே நல்ல புத்தகம். முதல் அத்தியாயத்தில் தன் வீட்டுக் கொல்லை மாமரத்தைப் பற்றியே நாலு பக்கம் எழுதியிருந்தார். ராமேஸ்வரத்தில் மணல் எடுத்து, அலகாபாத் திரிவேணியில் கரைத்து, காசி பார்த்து, கயாவுக்குப் போகிறார். கயாவில் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று என்று ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அவர் எதை விடப்போகிறார் என்று வருகிற இடத்தில் ஒரு சனிக்கிழமை இரவு தூக்கம் வந்து, புத்தகத்தை அன்றைய செய்தித்தாளுக்கு நடுவே அடையாளத்துக்கு வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் போகிக்கு முன் வீட்டை ஒழிக்கிற மும்முரம். அந்தச் செய்தித்தாளும் கட்டுக்குள் போய்விட்டது.

திருப்ப வேண்டிய நாள் வந்தபோதுதான் தேடினேன். கட்டிலுக்கு அடியில், பரணில், துவைக்கப் போட்ட துணிக்குள் எல்லாம் தேடிவிட்டு, சாயங்காலம் சட்டென்று அந்தச் செய்தித்தாள் ஞாபகம் வந்தது. வயிறு கலங்கிவிட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பேப்பர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தராசுக்குப் பின்னால் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார். "புஸ்தகம்லாம் பேப்பரோட அரைக்கப் போகாதும்மா. தனியா எடுத்து வெச்சிருவோம். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து மொத்தமா எடுத்துட்டுப் போவாரு. அன்னைக்கே வந்திருந்தா இந்த மூலையிலதான் கெடந்திருக்கும்" என்றார். எடுத்துப் போகிறவர் யார், எங்கே கடை என்று அவருக்கும் தெரியவில்லை. திருவல்லிக்கேணி பக்கம் என்று மட்டும் சொன்னார். இது எல்லோருக்கும் உதவும்: பேப்பரோடு புத்தகம் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரமே போங்கள். சில நாள் அங்கேயே இருக்கும், அதற்கப்புறம் பிடிக்க முடியாது. நூலகப் புத்தகத்தில் முகப்பில் மட்டுமல்ல, உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்திலும் முத்திரை இருக்கும். அதைக் காட்டினால் நூலகத்துடையது என்று யாரும் மறுக்க முடியாது.

நான் செய்த பெரிய தவறு இனிமேல்தான். நூலகத்தில் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பொதுச் சொத்தை எடைக்குப் போட்டுவிட்டேன் என்று எப்படிப் போய்ச் சொல்வது? வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. "நாலரை ரூபா புஸ்தகம்தானே, காசைக் கட்டிட்டு வா" என்பார் என்று தெரியும். எனக்கு அது நாலரை ரூபாயாகத் தெரியவில்லை. அவ்வளவு வருடம் அலமாரியில் பத்திரமாக இருந்தது, என் கைக்கு வந்த மூன்றாவது வாரத்தில் காணாமல் போயிற்று. அந்த நினைப்பு தூங்க விடவில்லை. வேறு ஒரு பிரதியை வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனியாகக் கிளம்பினேன்.

நந்தனத்தில் புத்தகக் கண்காட்சி முடிய இரண்டு நாள் இருந்தது. உள்ளே அறுபது வருடத்துக்கு முந்தின புத்தகம் கிடைக்காது என்று தெரியும். வெளியே நடைபாதையில் பழைய புத்தகம் விரித்திருப்பார்கள், அங்கே இரண்டு நாளும் குனிந்து குனிந்து தேடினேன். அடுத்த வாரம் சென்ட்ரல் பக்கம் போனேன். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பெயரை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் பழைய கடைகள். அங்கே ஒரு கடைக்காரர் "ஆத்தர் பேரு என்னம்மா? பப்ளிஷர் யாரு?" என்று கேட்டார். எனக்கு இரண்டும் தெரியவில்லை. நூற்றித் தொண்ணூறு பக்கம் படித்திருக்கிறேன், எழுதியவர் பெயர் மனதில் நிற்கவில்லை. தலைப்பில் காசி, யாத்திரை என்ற இரண்டு சொல் இருந்தது மட்டும் நினைவு. அவர் தேடி எடுத்துக் கொடுத்தது அதே மாதிரிதான் இருந்தது. அதே காலத்து அச்சு, அதே மாதிரித் தலைப்பு. 250 ரூபாய் கொடுத்து வாங்கி வந்து வீட்டில் பிரித்தால் மாமரத்தைக் காணோம். வேறு யாரோ எழுதிய வேறு புத்தகம். தமிழில் காசி யாத்திரை எழுதியவர்கள் அத்தனை பேர்!

அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நூலகத்தில் புத்தகம் எடுத்ததும் அங்கேயே நின்று மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம் (பதிப்பகம், ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும்), நூலகத்தின் வரிசை எண் எழுதிய இடம். அரை நிமிஷ வேலை. தொலையாவிட்டாலும், ஆறு மாதம் கழித்து "அன்னைக்கு ஒரு புத்தகம் படிச்சேனே" என்று யாரிடமாவது சொல்லும்போது உதவும்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை இப்படியே போனது. அபராதம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. தொகை சின்னதுதான், ஆனால் நூலகத்துக்கே போகாமல் இருந்தேனே, அதுதான் பெரிய இழப்பு. வாரத்தில் மூன்று நாள் போய் உட்கார்ந்த இடம், எதிர்ப்பக்கத் தெருவில் போவதற்குக்கூடச் சங்கடமாகிவிட்டது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மற்ற இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய், நூலகரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. "இதுக்கா மூணு வாரம் வராம இருந்தீங்க? உட்காருங்கம்மா" என்றார்.

பீரோவிலிருந்து ஒரு பெரிய பதிவேட்டை எடுத்தார். நூலகத்துக்கு வருகிற ஒவ்வொரு புத்தகமும் அதில் ஒரு வரி. வரிசை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை. விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார். நான் மூன்று வாரம் ஊரெல்லாம் தேடியது எல்லாம் நீல மசியில் அங்கே இருந்தது. 1962, 208 பக்கம், ரூ.4.50. முதல் நாளே வந்திருந்தால் 250 ரூபாய் வீணாகியிருக்காது. பணமாகக் கட்டலாம், அதற்குக் கணக்கு இருக்கிறது, ஆனால் அதே புத்தகம் கிடைத்தால் அதுதான் நூலகத்துக்கு நல்லது என்றார். புத்தகம் தொலைந்தால் ஒளியாதீர்கள். இந்த மாதிரி எத்தனையோ பேரை அவர்கள் பார்த்திருப்பார்கள். எந்தப் பதிப்பு வேண்டும், வேறு பதிப்பு கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா, பணமென்றால் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டு, தேடும்முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விவரம் கையில் இருந்ததால் நாலே நாளில் கிடைத்துவிட்டது. திருவல்லிக்கேணி பாரதி சாலையில், பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் எங்கள் வயதுக்காரர்கள் சொல்வோம், நடைபாதைக் கடை ஒன்றில் போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் கூப்பிட்டார்கள். 900 சொன்னார், 650-க்குக் கொடுத்தார். என் புத்தகமேதானோ என்று முத்திரையைத் தேடினேன். இல்லை, வேறு யாரோ வீட்டுப் பிரதி, முதல் பக்கத்தில் கல்யாணப் பரிசு என்று எழுதியிருந்தது. சந்தோஷத்தில் மாமரப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தேன். ரயிலில் வரும்போது விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்று எடுத்தால் 192-ஆம் பக்கத்தோடு நின்றது. அதற்கப்புறம் அட்டைதான். கயாவில் அவர் குளத்தில் குளித்துவிட்டு ஏறுகிறார், அதோடு சரி.

பழைய புத்தகத்தில் இப்படித்தான் போகும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பதினாறு பக்கம் ஒரு ஃபாரமாக மடித்துத் தைப்பது வழக்கம். தையல் விட்டால் ஒற்றைப் பக்கம் போகாது, ஃபாரமாகவே கழன்றுவிடும். 193-லிருந்து 208 வரை சரியாகப் பதினாறு. அதனால் பழைய புத்தகம் வாங்கும்போதும் சரி, நூலகத்தில் எடுக்கும்போதும் சரி, கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். பிறகு 16, 32, 48 என்று அந்தந்த இடத்தில் புரட்டிப் பாருங்கள். நூலகப் புத்தகத்தில் குறை இருந்தால் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திருப்பும்போது நாம் கிழித்ததாகப் பேர் வரும்.

திரும்பிப் போய்க் கேட்டேன், பழைய புத்தகத்தில் வாபஸ் கிடையாது என்றுவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, பார்க்காமல் வாங்கியது நான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான பழைய புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், இலவசம். அதில் தேடினேன், இந்தப் புத்தகம் கிடைக்கவில்லை. நூலகர்தான் கன்னிமாராவைச் சொன்னார். எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்தில் 1896-இல் திறந்த நூலகம். 1954-இல் வந்த சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று, மற்றவை கொல்கத்தா, மும்பை, டெல்லியில். 1962-இல் வந்ததென்றால் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கி நடக்கலாம். விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்தப் புத்தகத்தை உள்ளேயிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, தொலைந்த பிள்ளையைப் பார்த்த மாதிரி இருந்தது. பதினாறு பக்கத்தையும் நகலெடுக்க அனுமதி கிடைத்தது, 40 ரூபாய். அங்கே உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் படிக்கவில்லை. படித்திருக்கலாம், ஆனால் வேலை முடியட்டும் என்றிருந்தது.

எங்கள் நூலகர் சம்மதித்த பிறகு நகலை அதே அளவுக்கு வெட்டி, புத்தகத்தோடு சேர்த்துத் தைத்துத் தரச் சொல்லி ஒரு பைண்டரிடம் போனேன். ஒரே அறைக் கடை. பசை வாளி, ஊசி, மெழுகு தேய்த்த நூல், சுவரோரம் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் கட்டு. பெரியவர் புத்தகத்தைப் பிரித்து முதுகை விரலால் தடவிப் பார்த்தார். "நூல் நல்லாத்தான் இருக்கு, கடைசி ஃபாரம் மட்டும் ஓடிப்போச்சு. நூத்தியெம்பது ஆகும். நாலு மணிக்கு வாங்கம்மா" என்றார். "இங்கேயே இருக்கட்டுமா ஐயா?" என்று கேட்டேன். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அவர் மற்ற பன்னிரண்டு ஃபாரத்தையும் ஒவ்வொன்றாக நூலில் கோத்து இறுக்குகிற நேரம், அந்தப் பதினாறு பக்கமும் என் மடியில்தான் இருந்தது. கயாவில் குளத்தைவிட்டு ஏறுகிறார். கூட வந்தவர்கள் பாகற்காய் என்றும் எலுமிச்சை என்றும் சொல்லிக்கொண்டு போகிறார்கள். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார். அப்புறம் மாம்பழம் என்று சொல்கிறார். பெரியவர் கை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தார். ராமேஸ்வரம் வந்து சேர இன்னும் பத்துப் பக்கம் இருந்தது. "படிச்சிட்டே குடுங்கம்மா" என்றார்.